மார்ச் 1, 1993: ஸ்விட்ச் லாக்கில் நிற்கும் நேரத்தை நம்பலாமா?

அக்டோபர் மாத இடிமழை குமரி மாவட்டத்துக்குப் புதிதல்ல. பேச்சிப்பாறைப் பக்கம் மலையில் கருக்கத் தொடங்கினால் கொஞ்ச நேரத்தில் தக்கலையில் கொட்டும், கரண்டு இரண்டு தடவை போய் வரும், அப்புறம் சரியாகிவிடும். மறுநாள் காலையில் ஏதாவது ஒரு கல்லூரியிலோ மருத்துவமனையிலோ நெட்வொர்க் பார்ப்பவர் ஸ்விட்ச்சுக்குள் (கணினிகளைக் கேபிளால் ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) நுழைந்து, நடந்ததை அது எழுதிவைக்கும் பதிவான லாக்கைத் திறந்தால் இப்படி ஒரு வரி நிற்கும்:

*மார்ச் 1 00:00:48.210: %லிங்க்-3-அப்டவுன்: இன்டர்ஃபேஸ் கிகாபிட்ஈத்தர்நெட்0/1, சேஞ்ச்டு ஸ்டேட் டு அப்

ஒரு போர்ட்டில், அதாவது கேபிள் செருகும் வாயில், இணைப்பு எழுந்தது என்கிறது வரி. நேற்று அக்டோபர் 14. ஸ்விட்ச்சோ மார்ச் 1 என்கிறது. ஆண்டையும் காட்டச் சொன்னால் 1993 என்று போடும். சிஸ்கோ நிறுவனத்தின் ஐஓஎஸ் என்ற இயக்க மென்பொருள் ஓடும் பல ஸ்விட்ச்சுகளில், குறிப்பாக மாடிக்கு ஒன்றாக மாட்டும் 2960 போன்ற சின்ன ரகங்களில், பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. கரண்டு போனால் நேரமும் போயிற்று. திரும்ப எழும்போது எங்கிருந்தாவது எண்ணத் தொடங்க வேண்டுமே என்று 1993 மார்ச் 1 நள்ளிரவிலிருந்து தொடங்கும். ஹெச்பி-யின் பழைய புரோகர்வ் ஸ்விட்ச்சுகள் 1990 ஜனவரி 1 என்று சொல்லும். கேபிள் டிவிக்காரர்கள் இணைய சேவைக்கு வைத்திருக்கும் மைக்ரோடிக் பெட்டிகள் பல 1970-க்கே போய்விடும். யூனிக்ஸ் உலகம் காலத்தை எண்ணத் தொடங்கும் ஆண்டு அது. ஆண்டு எதுவானால் என்ன, மூன்றும் சொல்வது ஒரே சேதி: எனக்கு மணி தெரியாது.

வரியின் தொடக்கத்தில் நிற்கும் நட்சத்திரக் குறியைப் பலரும் அலங்காரம் என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தச் சேதியை ஸ்விட்ச் சொல்வதே அந்தக் குறியால்தான். நட்சத்திரம் இருந்தால், கடிகாரத்தை இன்னும் யாரும் சரிசெய்யவில்லை. அந்த இடத்தில் ஒரு புள்ளி இருந்தால், முன்பு நேர சர்வரோடு (சரியான மணி சொல்லும் கணினி) ஒத்துப் போயிருந்தது, இப்போது தொடர்பு விட்டுப் போயிருக்கிறது. எண் ஏறக்குறைய சரி, ஆனால் மெல்ல விலகிக்கொண்டிருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் ஸ்விட்ச் அந்த நேரத்துக்குப் பொறுப்பேற்கிறது என்று பொருள்.

என் கணக்கில், நட்சத்திரத்தோடு 1993 என்று வரும் வரியால் பெரிய ஆபத்தில்லை. பார்த்த உடனே யாரும் சந்தேகப்படுவார்கள். நட்சத்திரமும் இல்லாமல், இன்றைய தேதியையும் போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் பிசகி வரும் வரிதான் ஆளைக் கவிழ்க்கும். லாக் நேரத்தைச் சரிசெய்வது என்றால் பாதி வேலை கடிகாரத்தைத் திருத்துவது. மீதிப் பாதி, இந்த மாதிரி சந்தேகமே வராத பொய் நேரம் உருவாகும் வழிகளை அடைப்பது.

லாக்கில் நாம் பார்க்கும் நேரம் மூன்று தனித்தனி ஏற்பாடுகளின் விளைவு. ஸ்விட்ச்சுக்குள் ஓடும் கடிகாரம் ஒன்று. அந்தக் கடிகாரத்தை எந்த நாட்டு நேரமாகப் படிப்பது என்கிற நேர மண்டலம் இன்னொன்று. அதை லாக் வரியில் எந்த உருவத்தில் எழுதுவது என்பது மூன்றாவது. மூன்றுக்கும் வேறு வேறு கமாண்டு. ஒன்றைச் செய்தால் மற்றவை தானாக நடந்துவிடும் என்று நினைத்து விட்டுவிடுவதால்தான் பாதி இடங்களில் நேரம் அரைகுறையாக நிற்கிறது. நெட்வொர்க் வழியாக மணி கேட்டு வாங்கும் முறையான என்டிபி-க்கு சர்வர் முகவரி கொடுத்திருப்பார்கள், கடிகாரமும் கச்சிதமாக ஓடும். ஆனால் லாக் வரியில் அந்தக் கடிகாரம் தலைகாட்டவே காட்டாது.

காரணம், சிஸ்கோவின் பழைய ஐஓஎஸ் பதிப்புகளில் இயல்பான ஏற்பாடு அப்டைம். நாள், மணி எதுவும் இல்லை. ஸ்விட்ச் எழுந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதை மட்டும் போடும். முதல் 24 மணி நேரத்துக்கு மணி, நிமிடம், நொடி என்று ஒழுங்காக வரும். ஒரு நாள் தாண்டியதும் 1டி02ஹெச், அதாவது ஒரு நாள் 2 மணி என்று சுருங்கும். ஒரு வாரம் தாண்டினால் 4டபிள்யூ6டி என்று வாரமும் நாளும் மட்டும். ஸ்விட்ச் எவ்வளவு நாள் நிற்காமல் ஓடுகிறதோ அந்த அளவுக்கு அதன் நேரம் மங்கிப் போகிறது. காலை எட்டு மணிக்கு ஒரு போர்ட் விழுந்திருக்கும், இரவு பதினொரு மணிக்கு யாரோ கான்ஃபிக்கை, அதாவது ஸ்விட்ச்சின் அமைப்புகளை, மாற்றியிருப்பார்கள். இரண்டுக்கும் ஒரே முத்திரை, 4டபிள்யூ6டி. நல்ல யுபிஎஸ் போட்டு, ஸ்விட்ச்சை மாதக்கணக்கில் விழாமல் காப்பாற்றி வைத்தவருக்குக் கிடைக்கும் பரிசு இது.

இதை மாற்றும் வரி: சர்வீஸ் டைம்ஸ்டாம்ப்ஸ் லாக் டேட்டைம் எம்செக் லோக்கல்டைம் ஷோ-டைம்சோன் இயர். நீளமாகத் தெரிந்தாலும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வேலை இருக்கிறது. டேட்டைம் என்றால் அப்டைம் வேண்டாம், தேதியும் மணியும் வேண்டும். எம்செக், நொடியை ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பிரிக்கும்; ஒரு லூப் (கேபிள்கள் வட்டமாக இணைந்து தகவல் சுற்றிச் சுற்றி ஓடும் கோளாறு) உருவாகும்போது ஒரே நொடிக்குள் பத்து வரி வந்து விழும், அதில் எது முந்தியது என்று காண இது தேவை. லோக்கல்டைம் என்ற சொல்லை விட்டுவிட்டால் நேரம் யூடிசி-யில் (உலகப் பொது நேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்) வரும், நேர மண்டலம் சரியாகக் கொடுத்திருந்தாலும்கூட. ஷோ-டைம்சோன், எண்ணுக்குப் பக்கத்தில் ஐஎஸ்டி (இந்திய நேரம்) என்று எழுதிக் காட்டும். இயர் ஆண்டைச் சேர்க்கும். இதே வரியில் லாக் என்பதற்குப் பதில் டீபக் என்று போட்டு இன்னொரு முறை கொடுக்க வேண்டும். கோளாறு தேடும்போது வரவைக்கும் டீபக் செய்திகளின் முத்திரை தனி.

கூடவே சர்வீஸ் சீக்வென்ஸ்-நம்பர்ஸ் என்ற கமாண்டையும் போட்டுவிடுவது நல்லது. ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் விழும். கடிகாரம் 1993-லிருந்து இன்றைக்குத் தாவினாலும் எது முன், எது பின் என்பது குழம்பாது. லாக் சர்வருக்குப் போகும் வழியில் ஒரு செய்தி தொலைந்தால் இடையில் ஓர் எண் விடுபட்டிருப்பதும் கண்ணில் படும்.

அடுத்தது நேர மண்டலம். கிளாக் டைம்சோன் ஐஎஸ்டி 5 30. இதில் கடைசியில் இருக்கும் 30-ஐ மறப்பதுதான் நம் ஊருக்கே உரிய தவறு. முழு மணிக் கணக்கில் ஓடும் நாட்டுக்காரர்கள் எழுதிய வழிகாட்டிகளில் ஓர் எண்தான் இருக்கும்; அதைப் பார்த்து 5 என்று மட்டும் போட்டால் ஸ்விட்ச் மறுக்காது. லாக்கில் ஐஎஸ்டி என்ற எழுத்தும் அழகாக வரும், நட்சத்திரமும் இருக்காது, நேரம் மட்டும் அரை மணி பின்தங்கி நிற்கும். ஐஎஸ்டி என்பது ஸ்விட்ச்சுக்கு வெறும் லேபிள். அந்த இடத்தில் நாகர்கோவில் என்று போட்டாலும் அது கவலைப்படாது. இஸ்ரேல்காரர்களும் தங்கள் நேரத்தை ஐஎஸ்டி என்றுதான் எழுதுகிறார்கள். புரோகர்வ் ரகத்தில் இன்னொரு கூத்து: அங்கே மண்டலத்தை நிமிடத்தில் சொல்ல வேண்டும், 330 என்று. ஜூனிப்பர் நிறுவன ஸ்விட்ச்சுகளில் ஏசியா/கொல்கத்தா என்று ஊர்ப் பெயர் கொடுத்தால் போதும், தப்பு நடக்க வாய்ப்பு குறைவு.

ஐந்தரை மணி என்பது 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து நாடு முழுவதற்கும் ஒத்துக்கொண்ட கணக்கு. கன்னியாகுமரி இருப்பது ஏறக்குறைய 77.5 பாகையில். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் நம் ஊர் சூரியன் கடிகாரத்துக்குச் சுமார் 20 நிமிடம் பிந்திதான் உச்சிக்கு வருகிறது. சூரியன் கணக்கில் பார்த்தால் நம் கைக்கடிகாரமே பிசகுதான். ஆனாலும் எல்லோரும் ஒரே மாதிரி பிசகுவதால் பஸ்ஸும் ரயிலும் கிடைக்கின்றன. லாக்குகளுக்கும் வேண்டியது இதுவே: கட்டடத்தில் இருக்கும் எல்லாப் பெட்டிகளும் ஒரே கணக்கில் ஓட வேண்டும், அந்தக் கணக்கு எது என்பது வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். யூடிசி-யா ஐஎஸ்டி-யா என்று சிலர் சண்டை போடுவார்கள். பல நாடுகளில் கிளை இருந்தால் யூடிசி. மார்த்தாண்டத்திலும் குளச்சலிலும் மட்டும் கிளை இருந்தால் ஐஎஸ்டி போதும். ராத்திரி ஒன்றரை மணிக்கு லாக் படிக்கும் ஆளை மனக்கணக்குப் போடவைக்க வேண்டாம்.

சரி, நேரம் சரியில்லாத லாக் கையில் வந்துவிட்டது, அதை வைத்து என்ன செய்வது? பெரும்பாலும் மீட்டெடுத்துவிடலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தக்கலைப் பக்கம் ஒரு கல்லூரி என்று வைத்துக்கொள்வோம். அலுவலகக் கட்டடத்தில் கோர் ஸ்விட்ச் (மற்ற ஸ்விட்ச்சுகள் வந்து சேரும் நடு ஸ்விட்ச்), அதன் 24-ஆவது போர்ட்டிலிருந்து ஃபைபர் வழியாக ஹாஸ்டல் ஸ்விட்ச். அந்த மழை நாளில் ஹாஸ்டலில் நெட் போய்விட்டது. "ஆறரைக்கே போச்சுல்லா தம்பி, கேபிளுதான் எங்கயோ அறுந்திருக்கும்" என்கிறார் வார்டன். எலக்ட்ரீஷியன் அண்ணனோ கரண்டு போகவே இல்லை, லைட்டெல்லாம் எரிந்தது என்கிறார். கோர் ஸ்விட்ச்சுக்கு என்டிபி இருக்கிறது, ஆனால் லோக்கல்டைம் போடவில்லை; ஆகவே யூடிசி. ஹாஸ்டல் ஸ்விட்ச்சுக்கு எதுவும் இல்லை. கோர் ஸ்விட்ச் லாக்கில் இரண்டு வரி:

அக் 14 13:12:07.316: கிகாபிட்ஈத்தர்நெட்1/0/24, டவுன்
அக் 14 13:14:35.902: கிகாபிட்ஈத்தர்நெட்1/0/24, அப்

ஐந்தரை மணி கூட்டினால் மாலை 6:42:07-க்கு விழுந்து 6:44:35-க்கு எழுந்திருக்கிறது. ஹாஸ்டல் ஸ்விட்ச் லாக்கில் முதலில் பார்த்த அந்த வரி: மார்ச் 1, 00:00:48.210-க்கு 0/1 அப். ஒரே ஃபைபரின் இரண்டு முனைகள் இவை. ஒரு முனை எழும்போதுதான் மறுமுனையும் எழும். அதிகம் போனால் ஒன்றிரண்டு நொடி வித்தியாசம் இருக்கும். ஆகவே ஹாஸ்டல் கடிகாரத்தின் 48.210-ஆவது நொடியும், கோர் கடிகாரத்தின் 13:14:35.902-உம் ஒரே தருணம். கழித்தால், ஹாஸ்டல் ஸ்விட்ச் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கியது யூடிசி 13:13:47.692, நம் நேரம் 6:43:47.

இதில் இரண்டு விஷயம் கிடைக்கிறது. கடிகாரம் பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கிறது என்றால் ஸ்விட்ச் மறுபடி பூட் ஆகியிருக்கிறது. ஃபைபர் அறுந்தால் ஸ்விட்ச் பூட் ஆகாது. அடுத்து, இணைப்பு விழுந்ததற்கும் கடிகாரம் தொடங்கியதற்கும் இடையே 1 நிமிடம் 40 நொடி. கடிகாரம் ஓடத் தொடங்குவது கரண்டு வந்த நொடியில் அல்ல. பூட்லோடர் (கரண்டு வந்ததும் முதலில் ஓடும் சின்ன நிரல்) தன் சோதனைகளை முடித்து ஐஓஎஸ்-ஐ ஏற்றிய பிறகு. அந்த ஸ்விட்ச்சின் பிளக்கை ஒரு முறை பிடுங்கி மாட்டி, அதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அளந்தால் ஒன்றரை நிமிடம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கரண்டு இல்லாமல் இருந்தது பத்து நொடிதான். லைட் அந்தக் கொஞ்ச நேரம் அணைந்தது எலக்ட்ரீஷியன் கண்ணில் படாமல் போயிருக்கலாம். தேட வேண்டிய இடம் கேபிள் இல்லை, ஹாஸ்டல் ரேக்கின் அடியில் இருக்கும் யுபிஎஸ் பேட்டரி.

இந்த ஓர் ஒட்டுப்புள்ளி கிடைத்துவிட்டால் ஹாஸ்டல் லாக்கின் மற்ற வரிகளும் உயிர்பெறும். மார்ச் 1, 03:17:05-க்கு ஏழாவது போர்ட் விழுந்தது என்று இருந்தால், 13:13:47-உடன் கூட்டினால் 16:30:52 யூடிசி. நம் நேரம் இரவு 10:00:52. எந்த அறை, யார் கணினியை அணைத்தார்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் விசாரணை. ஒரே எச்சரிக்கை: நடுவில் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரைச் சாதாரணக் கேபிளோடு இணைக்கும் சின்னப் பெட்டி) இருந்தால் இரண்டு முனைகளும் ஒன்றாக எழும் என்ற நம்பிக்கை உடைந்துவிடும். கன்வர்ட்டருக்கும் கோருக்கும் இடையிலான இணைப்பு தன்பாட்டுக்கு எழுந்து நிற்கும். நம் ஊரில் பழைய கட்டடங்களில் கன்வர்ட்டர்தான் அதிகம் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படிக் கணக்குப் போடுவதில் ஒரு துப்பறியும் சுகம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் லாக் கிடைத்தால்தானே கணக்கு. ஸ்விட்ச்சின் நினைவகத்தில் லாக்குக்கு இயல்பாக ஒதுக்கும் இடம் பல சிஸ்கோ ரகங்களில் 4096 பைட்தான். வரிக்கு நூறு பைட் என்றால் நாற்பது வரி. கடலோரக் கட்டடத்தில் உப்புக்காற்றில் பச்சை பிடித்த ஒரு கனெக்டர் இரவு முழுக்க விழுந்து எழுந்தால் அந்த நாற்பது வரியும் அதற்கே தீர்ந்துவிடும். கரண்டு போனால் அதுவும் இல்லை. லாக் வெளியே ஒரு சர்வருக்குப் போக வேண்டும்.

அதற்கு முன் கடிகாரம். ஸ்விட்ச்சுக்குள் இருக்கும் சாதாரண குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிசகினாலே ஒரு நாளைக்கு ஒன்றே முக்கால் நொடி தப்பும், ஓராண்டில் பத்து நிமிடத்தைத் தாண்டும். இதற்கு மருந்து என்டிபி. டேவிட் மில்ஸ் வடிவமைத்தது. 1985-ல் முதல் பதிப்பு ஆர்எஃப்சி (இணைய நெறிமுறைகளை வெளியிடும் ஆவண வரிசை) 958 ஆக வந்தது, இப்போது புழங்கும் நான்காம் பதிப்பு 2010-ல் ஆர்எஃப்சி 5905 ஆக வந்தது. யூடிபி 123-ஆம் போர்ட்டில் (இது கேபிள் செருகும் வாய் அல்ல, நெட்வொர்க் சேவைக்கான எண்) நேரம் கேட்டு, பதில் வந்து சேரப் பிடித்த பயண நேரத்தையும் கழித்துக்கொண்டு, கடிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பிடிக்கும். அணுக் கடிகாரமோ ஜிபிஎஸ்-ஸோ பூஜ்ய அடுக்கு. அதனோடு நேரடியாக இணைந்த சர்வர் முதல் அடுக்கு. அதைக் கேட்பது இரண்டாம் அடுக்கு. இப்படி 15 வரை. 16 என்று காட்டினால் ஒத்திசைவே இல்லை என்று பொருள்.

நாகர்கோவில் மணிமேடையில் 1893-ல் கடிகாரம் வைத்தபோது ஊரில் வீட்டுக்கு வீடு கடிகாரம் கிடையாது. மேடையில் அடிக்கும் மணிதான் ஊருக்குப் பொது மணி. கட்டடத்துக்குள் நேரத்தை அமைப்பதும் அதே மாதிரி இருந்தால் நல்லது. ஐம்பது ஸ்விட்ச்சும் தனித்தனியாக இணையத்துக்குப் போய் மணி கேட்க வேண்டியதில்லை, பெரும்பாலும் அவை இருக்கும் மேனேஜ்மென்ட் விலானுக்கு (ஸ்விட்ச்சுகளை நிர்வகிக்க மட்டும் பிரித்து வைத்த உள் நெட்வொர்க்) இணையமே இருக்காது, இருக்கவும் கூடாது. உள்ளே இரண்டு பெட்டி மட்டும் வெளியே கேட்கட்டும், மற்றவை அந்த இரண்டையும் கேட்கட்டும். அந்த இரண்டில் ஒன்றாவது பேட்டரிக் கடிகாரம் உள்ள லினக்ஸ் சர்வராக இருப்பது முக்கியம். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டத்தில் பல ஊர்களுக்கு நாள்கணக்கில் கரண்டு இல்லை. அந்த மாதிரி நாளில் ஜெனரேட்டர் போட்டு ஸ்விட்ச்சுகளை எழுப்பிவிடலாம், ஆனால் வெளி இணைப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வெளி சர்வரை மட்டும் நம்பிய ஸ்விட்ச்சுகள் அதுவரை 1993-லேயே இருக்கும். மொட்டை மாடியில் திறந்த வானம் இருக்கிறது என்றால் ஒரு ஜிபிஎஸ் ரிசீவர் இன்னும் நல்லது, அதற்கு இணையமே வேண்டாம்.

வெளியே யாரைக் கேட்பது? டில்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகம்தான் இந்திய நேரத்தைப் பராமரிக்கிறது. அதன் நேர சர்வர் இருக்கிறது. தேசிய தகவல் மையம் சமய்1, சமய்2 என்று இரண்டு சர்வர்கள் வைத்திருக்கிறது. இது விருப்பம் மட்டுமல்ல. இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் இட்ட உத்தரவின்படி சேவை வழங்குநர்கள், டேட்டா சென்டர்கள், நிறுவனங்கள், அரசு அமைப்புகள் எல்லாம் இந்த இரண்டு அமைப்புகளின் நேர சர்வர்களோடோ, அவற்றோடு தொடர்பு காட்டக்கூடிய வேறு சர்வர்களோடோ தங்கள் கடிகாரங்களை ஒத்திசைக்க வேண்டும். லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சைபர் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆறு மணி நேரம் எப்போதிலிருந்து என்று கேட்டால் கையில் சரியான மணி இருந்தாக வேண்டுமே. நீதிமன்றம் வரை போனால் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அரை மணி பிசகிய லாக்குக்குக் கையெழுத்துப் போடுபவர் பாடு திண்டாட்டம்.

இப்போது பொய் நேரம் பிறக்கும் இடங்கள். முதலாவது, கையால் நேரம் வைப்பது. கிளாக் செட் என்று கொடுத்து, மொபைலைப் பார்த்து மணியை அடித்தவுடன் நட்சத்திரம் மறைந்துவிடும். ஒரு மனிதர் சொன்னார், ஸ்விட்ச் நம்பிவிட்டது. மொபைலைப் பார்த்துவிட்டு டீ குடித்துவந்து அடித்தாலும் நம்பும். இது கான்ஃபிக்கில் சேமிக்கப்படுவதும் இல்லை, அடுத்த கரண்டு வெட்டில் போய்விடும்.

இரண்டாவது இன்னும் மோசம்: என்டிபி மாஸ்டர் என்ற கமாண்டு. கோர் ஸ்விட்ச்சில் இதைப் போட்டால் அது தன் சொந்தக் கடிகாரத்தையே எட்டாம் அடுக்கு நேர மூலம் என்று அறிவித்துக்கொள்ளும். வெளி சர்வர் கிடைக்காதபோது உள்ளே எல்லாம் ஒரே நேரத்தில் ஓடட்டும் என்பதற்காக உள்ள வசதி. ஆனால் வெளி சர்வரே கொடுக்காமல் இதை மட்டும் போட்டு வைத்திருக்கிற இடங்கள் உண்டு. கோர் ஸ்விட்ச்சின் நேரம் ஏழு நிமிடம் பிசகினால் கட்டடம் முழுக்க எல்லா ஸ்விட்ச்சுகளும் ஒற்றுமையாக ஏழு நிமிடம் பிசகும், எதிலும் நட்சத்திரம் இருக்காது, எல்லாம் ஒத்திசைவில் இருப்பதாக மார்தட்டும். உள்ளுக்குள் ஒப்பிட்டுப் பார்த்தால் தவறே தெரியாது. வெளியிலிருந்து ஒரு கேமரா பதிவோ, வங்கிப் பரிவர்த்தனை நேரமோ வந்து மோதும்போதுதான் விழும்.

சோதித்துப் பார்க்க ஷோ கிளாக் டீடெயில் கொடுத்தால் நேரம் எங்கிருந்து வந்தது என்றே சொல்லும்: என்டிபி-யா, மனிதர் வைத்ததா, மூலமே இல்லையா. ஷோ என்டிபி அசோசியேஷன்ஸ் கொடுத்தால் சர்வர்கள் வரிசையாக வரும். அதில் ஒரு வேடிக்கை: லாக் வரியில் கெட்ட சகுனமான நட்சத்திரம் இங்கே நல்ல சகுனம். எந்த சர்வருக்கு முன்னால் நட்சத்திரம் இருக்கிறதோ அதைத்தான் ஸ்விட்ச் பின்பற்றுகிறது. ரீச் என்ற பத்தியில் 377 இருந்தால் கடைசி எட்டுக் கேள்விக்கும் பதில் வந்திருக்கிறது. அது எட்டின் அடிமான எண். பூஜ்யமாகவே நின்றால் நடுவில் ஏதோ ஃபயர்வால் (போக்குவரத்தை வடிகட்டும் பாதுகாப்புப் பெட்டி) 123-ஐ மறிக்கிறது என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் கொடுத்த உடனே நடக்காது, சில நிமிடம் பிடிக்கும். ஐபர்ஸ்ட் என்ற சொல்லை ஆதரிக்கும் பதிப்பு என்றால் சேர்த்துவிட்டால் முதல் ஒத்திசைவு சீக்கிரம் கிடைக்கும்.

மூன்றாவது இடம் லாக் சர்வர். லாக் செய்திகளை சர்வருக்கு அனுப்பும் முறையான சிஸ்லாக்கின் பழைய வடிவத்தை 2001-ல் ஆர்எஃப்சி 3164 ஆவணப்படுத்தியது. அதன் நேரத்தில் மாதம், தேதி, மணி, நிமிடம், நொடி மட்டும். ஆண்டும் இல்லை, மண்டலமும் இல்லை. பெறும் சர்வர் தன் மண்டலத்தையே ஊகித்துக்கொள்ளும். ஸ்விட்ச் யூடிசி-யில் அனுப்ப, சர்வர் ஐஎஸ்டி என்று எடுத்துக்கொண்டால், ஐந்தரை மணி வித்தியாசம். இரவு ஒரு மணிக்கு நடந்தது முந்தின நாள் மாலை 7:30 என்று பதிவாகும். தேதியே மாறிவிடுவதால் கேமரா பதிவை வேறு நாளில் தேடிக்கொண்டிருப்பார்கள். 2009-ல் வந்த ஆர்எஃப்சி 5424 ஆண்டு, மண்டலம், நொடியின் பின்னம் எல்லாவற்றையும் முத்திரையிலேயே வைக்கிறது. கருவி ஆதரித்தால் அதுவே நல்லது.

ஆதரிக்காவிட்டால் ஒரு எளிய தந்திரம். ஆர்சிஸ்லாக் போன்ற சர்வர்கள் இரண்டு நேரத்தையும் வைத்திருக்கும்: செய்தியில் எழுதியிருந்த நேரம், சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம். இரண்டையும் ஒரே வரியில் எழுதும்படி வடிவத்தை மாற்றிவிடுங்கள். உள் நெட்வொர்க்கில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு நொடிக்கும் கீழே இருக்க வேண்டும். ஏதாவது ஒரு ஸ்விட்ச்சில் அது மெல்ல வளர்ந்தால் அதன் கடிகாரம் நழுவுகிறது. சரியாக 19,800 நொடி என்றால் யாரோ லோக்கல்டைமை மறந்திருக்கிறார்கள். 1,800 நொடி என்றால் அந்த 30.

ஸ்விட்ச்சோடு வேலை முடிந்துவிடுவதில்லை. கேமரா பதிவை வைத்திருக்கும் டிவிஆர் பெட்டிக்குள் இருக்கும் காசு பேட்டரி செத்திருக்கும். வைஃபை கன்ட்ரோலர், வருகைப் பதிவு எந்திரம், ஃபயர்வால் என்று எல்லாவற்றுக்கும் ஒரு கடிகாரம் உண்டு. ஹாஸ்டல் கதை மாதிரி ஏதாவது நடந்தால் இவை எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டியிருக்கும். என்டிபி வசதி உள்ளவை எல்லாவற்றையும் அந்த இரண்டு உள் சர்வர்களுக்கே திருப்பிவிடுங்கள்.

கடைசியாக, வேலை முடிந்ததா என்று பார்க்கும் வழி. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளே இதற்குத் தோதான நாள். எப்படியும் கரண்டு போகத்தான் போகிறது. கரண்டு வந்ததும் ஒரு மாடி ஸ்விட்ச்சின் லாக்கைத் திறந்து, எத்தனை நிமிடம் நட்சத்திரத்தோடு வரிகள் வருகின்றன, எந்த வரியிலிருந்து அது மறைகிறது என்று பாருங்கள். லாக் சர்வரில் அதே ஸ்விட்ச்சின் முதல் செய்தி எந்த வரிசை எண்ணில் தொடங்குகிறது என்றும் பாருங்கள். வழக்கமான ஸ்பேனிங் ட்ரீ-யில் (லூப்பைத் தடுக்கும் ஏற்பாடு) அப்லிங்க், அதாவது கோர் பக்கம் போகும் இணைப்பு, எழுந்த பிறகும் 30 நொடிக்குப் போக்குவரத்து நடக்காது என்பதால் முதல் சில செய்திகள் சர்வருக்குப் போயிருக்காது, அவை ஸ்விட்ச்சில் மட்டும் இருக்கும்; அதனால்தான் உள் நினைவகத்தையும் 64 கிலோபைட் அளவுக்காவது கூட்டி வைக்கச் சொல்கிறார்கள். நட்சத்திரம் பத்து நிமிடம் தாண்டியும் போகவில்லையென்றால் ஷோ என்டிபி அசோசியேஷன்ஸ் கொடுத்து ரீச் பத்தியைப் பார்ப்பதிலிருந்து தொடங்கலாம்.